‘பென்சிலின் ஆகாது’ என்றால் வேறு எது ஆகும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவக் கேள்வி–பதில் பகுதியில், பென்சிலின் ஒவ்வாமை உள்ள வாசகர் ஒருவருக்கு “அசித்ரோமைசின் எடுத்துக்கொள்ளலாம்” என்று ஒரே வரியில் பதில் வந்திருந்தது. தவறான பதில் என்று சொல்ல மாட்டோம். ஆனால் என்ன நோய், பென்சிலினால் அவருக்கு முன்பு என்ன ஆனது, இப்போது வேறு என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார் என்ற மூன்றும் தெரியாமல் அந்த ஒரு வரியைச் சொல்லிவிட முடியாது. ஆன்டிபயாடிக் மருந்துகளோடு அன்றாடம் புழங்கும் மருந்தாளுநர்களும் மருத்துவர்களும் சேர்ந்து எழுதும் கடிதம் இது. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

‘பென்சிலின் அலர்ஜி’ என்று மருத்துவக் குறிப்பில் எழுதப்பட்ட 100 பேரை முறையாகச் சோதித்துப் பார்த்தால் 90 பேருக்கு மேல் பென்சிலின் ஒத்துக்கொள்கிறது. இவர்கள் யாரும் பொய் சொன்னவர்கள் அல்லர். சிலருக்குப் பென்சிலின் வகையான அமாக்சிசிலின் சாப்பிட்டபோது வயிறு கலங்கிப் பேதியாகியிருக்கும். அது பக்கவிளைவு, ஒவ்வாமைக் கணக்கில் வராது. சிலர் ஊசி போட்டதும் வலியிலும் பயத்திலும் வியர்த்து மயங்கி விழுந்திருப்பார்கள். அப்போது நாடித்துடிப்பு குறைந்து, உடம்பில் தடிப்போ அரிப்போ இல்லாமல், படுக்கவைத்த சில நிமிடங்களில் தெளிந்திருந்தால் அது வெறும் ஊசி மயக்கம். குழந்தைகளுக்கு வைரஸ் காய்ச்சலோடு வரும் சிவப்புப் புள்ளிகளின் பழி, அந்த நேரத்தில் கொடுத்த அமாக்சிசிலின் சிரப்பின் தலையில் விழுகிறது. எப்ஸ்டீன்–பார் வைரஸ் காய்ச்சலில் அமாக்சிசிலினோ ஆம்பிசிலினோ கொடுத்தால் உடம்பெங்கும் சிவந்துபோவது அடிக்கடி நடப்பதுதான். அதை வைத்து வாழ்நாள் முழுக்கப் பென்சிலினை ஒதுக்க வேண்டியதில்லை. உண்மையாகவே உடனடி ஒவ்வாமை வந்தவர்களுக்கும் அது சாசுவதம் இல்லை. பென்சிலின் பக்கமே போகாமல் 10 ஆண்டுகள் கழிந்தால் 100க்கு 80 பேரிடம் அது மறைந்துவிடுகிறது.

“இருக்கட்டுமே, சந்தேகம் என்றால் ஒதுக்கிவிட்டுப் போகலாமே, என்ன நஷ்டம்?” என்று கேட்பவர்கள் உண்டு. நஷ்டம் இருக்கிறது. பென்சிலினை ஒதுக்கினால் கைக்கு வருபவை பெரும்பாலும் பரந்த வீச்சுள்ள மருந்துகள். அவை வேண்டாத கிருமியோடு குடலில் இருக்கும் நல்ல கிருமிகளையும் அழித்து, குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்னும் கிருமிக்கு இடம் விட்டுக்கொடுக்கின்றன. அந்தப் பேதி முதியவர்களுக்கு உயிராபத்து. பிரிட்டனில் பொது மருத்துவர்களிடம் சிகிச்சை பெற்றவர்களை வைத்து 2018ல் வெளியான பெரிய ஆய்வில், பென்சிலின் அலர்ஜி என்று குறிக்கப்பட்டவர்களுக்கு இந்தக் கிருமித் தொற்று 26 சதவீதமும், எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற, மருந்துக்கு எளிதில் மசியாத முரட்டு ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியின் தொற்று 69 சதவீதமும் கூடுதலாக இருந்தது. அறுவைச் சிகிச்சைக் காயத்தில் தொற்று வரும் வாய்ப்பும் இவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என்று இன்னொரு ஆய்வு காட்டியது. காரணம் எளிது: கத்தி வைப்பதற்கு முன் கொடுக்க வேண்டிய செஃபசோலின் ஊசிக்குப் பதில் அவர்களுக்குக் கிளிண்டாமைசினோ வான்கோமைசினோதான் கிடைத்திருந்தது.

ஆகவே மாற்று மருந்தைத் தேடுவதற்கு முன் நோயாளியிடம் ஐந்து நிமிடம் பேச வேண்டும். எந்த மருந்து, பெயர் நினைவிருக்கிறதா? எத்தனை ஆண்டுகளுக்கு முன்? சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து வந்தது, முதல் மாத்திரையிலேயா, ஐந்தாம் நாளா? உடம்பில் சரியாக என்ன ஆனது? அதற்கு என்ன வைத்தியம் செய்தார்கள். தானாகவே அடங்கியதா, ஊசி போட்டார்களா, ஆஸ்பத்திரியில் தங்கவைத்தார்களா? கடைசியாக, எல்லாவற்றிலும் பலன் தரும் கேள்வி: அதற்குப் பிறகு அமாக்சிசிலினோ ஆக்மென்டினோ சாப்பிட்டு ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கிறீர்களா? பல்வலிக்கோ சளிக்கோ எழுதிக் கொடுத்ததை என்ன மருந்து என்று தெரியாமலே ஒரு வாரம் சாப்பிட்டு நலமாக இருந்தவர்கள் ஏராளம். பழைய மருந்துச் சீட்டுகளைப் புரட்டினால் சோதனை ஏதும் இல்லாமலே விடை கிடைத்துவிடும். “அம்மாவுக்கு ஆகாது, அதனால் எனக்கும் வேண்டாம்” என்பதை மட்டும் கணக்கில் எடுக்கவே வேண்டாம். குடும்பத்தில் ஒருவருக்கு இருப்பது இன்னொருவருக்குத் தடை ஆகாது. காளான், பூஞ்சை ஒவ்வாமைக்கும் பென்சிலின் மாத்திரைக்கும் சம்பந்தம் இல்லை.

பதில்களை வைத்து மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை உடனடி ஒவ்வாமை. பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள், அதிகம் போனால் ஆறு மணி நேரத்துக்குள் வந்துவிடும். தடித்துத் தடித்து எழும்பி ஓரிடத்தில் மறைந்து வேறிடத்தில் கிளம்பும் அரிப்பு, உதடு, கண்ணிமை, நாக்கு வீக்கம், மூச்சிரைப்பு, தொண்டை அடைப்பு, இரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் ஆகியவை இதன் அடையாளங்கள். இரண்டாவது, சில நாட்கள் கழித்து, பொதுவாக 3ஆம் நாளுக்கும் 10ஆம் நாளுக்கும் இடையே, உடம்பிலும் கைகால்களிலும் பரவும் சாதாரணச் சிவப்புத் தடிப்பு. கொப்புளம் இருக்காது, வாயிலும் கண்ணிலும் புண் இருக்காது, மருந்தை நிறுத்தினால் அடங்கும். மூன்றாவது வகைதான் கொடியது. தோல் எரிந்து கொப்பளித்து உரிவது, வாய், கண், பிறப்புறுப்பில் புண், காய்ச்சலோடு முகவீக்கமும் நெறிகட்டுதலும், கல்லீரல் அல்லது சிறுநீரக பாதிப்பு, மருந்தினால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைவது போன்றவை. ஸ்டீவன்ஸ்–ஜான்சன், டிரெஸ் என்று மருத்துவர்கள் எழுதுவது இந்த வகையைத்தான். இது ஒருமுறை வந்தவருக்குப் பென்சிலின் வகையை மீண்டும் தரக்கூடாது. ‘கொஞ்சமாகக் கொடுத்துப் பார்ப்போம்’ என்ற பேச்சுக்கும் இடமில்லை.

இந்தப் பிரிவினையை எண்ணாக மாற்றும் ஒரு வழி 2020ல் வெளியானது. பென்–ஃபாஸ்ட் என்று பெயர். ஒவ்வாமை வந்து 5 ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ ஆகியிருந்தால் 2 புள்ளி. அனஃபிலாக்சிஸ் என்னும் கடும் ஒவ்வாமையோ, முகம், உதடு வீக்கமோ, மேலே சொன்ன கொடிய தோல் பாதிப்போ இருந்திருந்தால் 2 புள்ளி. அதற்கு வைத்தியம் தேவைப்பட்டிருந்தால் 1 புள்ளி. மொத்தம் 0 வந்தால் உண்மையான ஒவ்வாமை இருக்கும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழ். 1 அல்லது 2 என்றால் சுமார் 5 சதவீதம். 3 என்றால் சுமார் 20. 4, 5 என்றால் சுமார் 50. பெரியவர்களை வைத்து உருவான கணக்கு இது என்பதால் குழந்தைகளுக்கு அப்படியே பொருத்தக்கூடாது. சோதனைக்கு யாரை அனுப்பலாம் என்று மருத்துவர் முடிவெடுக்க உதவும் கருவி இது. வீட்டில் புள்ளி போட்டுப் பார்த்து, பூஜ்யம் வந்தது என்று மாத்திரையை வாயில் போட்டுக்கொள்வதற்கு அல்ல.

இனி, ஒதுக்க வேண்டியவர்கள் எதை ஒதுக்க வேண்டும்? இதில்தான் அதிகம் சறுக்குகிறது. பென்சிலின் என்ற சொல் பெட்டியில் இருந்தால்தான் பென்சிலின் என்று பலர் நினைக்கிறார்கள். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளாக்சாசிலின், ஃபுளூக்ளாக்சாசிலின், டைக்ளாக்சாசிலின், பைபராசிலின் எல்லாம் இந்தக் குடும்பம்தான். பெயர் ‘சிலின்’ என்று முடிந்தால் உஷாராக வேண்டும். கூட்டு மருந்துகளில் ஒளிந்திருப்பவை இன்னும் ஆபத்து. ஆக்மென்டினில் அமாக்சிசிலினோடு கிளாவுலானிக் அமிலம் சேர்ந்திருக்கிறது. பைபராசிலின் டாசோபாக்டத்தோடு சேர்ந்து வருகிறது. வயிற்றுப்புண் கிருமியான ஹெலிகோபாக்டருக்குத் தரும் கூட்டு அட்டையில் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, கிளாரித்ரோமைசின் இவற்றோடு அமாக்சிசிலினும் இருக்கும். அதை ‘அல்சர் மாத்திரை’ என்றே எல்லோரும் நினைப்பதால், அலர்ஜி இருக்கிறதா என்று கேட்கும் எண்ணமே எவருக்கும் வருவதில்லை. பிராண்டு பெயரைப் பார்க்காமல், அட்டையின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைப் படிப்பது ஒன்றே வழி. தலைகீழான ஒன்றும் உண்டு: ஆக்மென்டினுக்கு ஒவ்வாமை வந்த சிலருக்குக் காரணம் கிளாவுலானிக் அமிலமாக இருக்கலாம், தனி அமாக்சிசிலின் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளும். சோதனை செய்தால்தான் தெரியும்.

பென்சிலினுக்கு உறவான செஃபலோஸ்போரின் என்னும் ஆன்டிபயாடிக் குடும்பத்தின் விஷயத்துக்கு வருவோம். “பென்சிலின் ஆகாதவர்களில் 10 சதவீதம் பேருக்குச் செஃபலோஸ்போரினும் ஆகாது” என்ற பழைய பாடம் இன்னும் பலர் வாயில் இருக்கிறது. தொடக்க காலச் செஃபலோஸ்போரின் மருந்துகளில் தயாரிப்பின்போதே பென்சிலின் கலந்திருந்ததும், சந்தேகக் கேஸ்களையெல்லாம் உண்மையான ஒவ்வாமையாக எண்ணியதும் சேர்ந்து ஊதிப் பெருக்கிய எண் அது. இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான பீட்டா–லாக்டம் வளையத்தை உடம்பு பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. அந்த வளையத்தில் ஒட்டியிருக்கும் பக்கச் சங்கிலியைத்தான் அடையாளம் பிடிக்கிறது. ஒரே மாதிரிச் சங்கிலி உள்ள இரண்டு மருந்துகள் ஒரே சாவியில் திறக்கும் இரண்டு பூட்டுகள் போல.

ஆகவே பெயர் பெயராகப் பார்க்க வேண்டும். செஃபட்ராக்சில், செஃப்ரோசில் இரண்டின் சங்கிலியும் அமாக்சிசிலினுடையதே. செஃபலெக்சின், செஃபக்ளோர் இரண்டும் ஆம்பிசிலினோடு ஒத்தவை. அமாக்சிசிலினுக்கும் நெருங்கிய சொந்தம். ஒவ்வாமை உறுதியானவர்களில் இந்தக் கூட்டத்துக்கு எதிர்வினை வரும் வாய்ப்பு 100க்கு ஏறத்தாழ 16. சங்கிலி வேறான செஃபுராக்சிம், செஃப்ட்ரியாக்சோன், செஃபோடாக்சிம், செஃப்போடாக்சிம், செஃபெபிம் போன்றவற்றுக்கு அது 2 அளவுக்கு இறங்கிவிடுகிறது. அறுவைச் சிகிச்சைக்குத் தரும் செஃபசோலினின் சங்கிலி எந்தப் பென்சிலினோடும் பொருந்தாத தனி ரகம். அமாக்சிசிலினுக்கு உடனடி ஒவ்வாமை வந்தவர்களுக்கும் பெரும்பாலும் தரலாம். கொடிய தோல் வகை வந்தவர்களுக்கு மட்டும் கூடாது. நடைமுறையில் நாம் காணும் வேடிக்கை என்னவென்றால், அமாக்சிசிலின் ஆகாதவருக்கு “லேசான மருந்து” என்று செஃபட்ராக்சில் எழுதப்படும். அதே ஆளுக்கு ஆபரேஷன் அன்று செஃபசோலின் மறுக்கப்படும். இரண்டும் தலைகீழ்.

மெரோபெனெம், இமிபெனெம் போன்ற கார்பாபெனெம் குடும்ப ஆன்டிபயாடிக்குகளில் குறுக்கு எதிர்வினை (பென்சிலின் ஆகாதவருக்கு இவையும் ஆகாமல் போவது) 1 சதவீதத்துக்கும் குறைவு. அஸ்ட்ரியோனம் என்ற ஆன்டிபயாடிக்கும் பென்சிலினோடு மோதுவதில்லை. ஆனால் செஃப்டாசிடிம் என்ற செஃபலோஸ்போரினுக்கும் அதற்கும் சங்கிலி ஒன்றே என்பதால், செஃப்டாசிடிமுக்கு ஒவ்வாமை உள்ளவருக்கு அஸ்ட்ரியோனம் தரும்போது கவனம் வேண்டும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை வேறு கதை. அது இருப்பவருக்குப் பென்சிலின் தடையில்லை, இது இருப்பவருக்கு சல்ஃபா தடையில்லை.

பென்சிலின் வேண்டவே வேண்டாம் என்ற நிலையில், நோயைப் பொறுத்துத்தான் தேர்வு. தொண்டை வலியில் பெரும்பகுதி வைரஸ். அதற்கு எந்த ஆன்டிபயாடிக்கும் வேண்டாம், மாற்று மருந்து என்ற கேள்வியே எழாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று சோதனையில் தெரிந்தால், முன்பு வந்தது லேசான, தாமதமான தடிப்பு மட்டும் என்றால் செஃபலோஸ்போரின் ஒன்றை 10 நாள் தரலாம். உடனடி வகை வந்தவருக்கு அசித்ரோமைசின் 5 நாள், அல்லது கிளிண்டாமைசின் 10 நாள். அசித்ரோமைசின் வகைக்கு மசியாத ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பல இடங்களில் பெருகிவிட்டதால், மூன்று நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லையென்றால் மருந்து வேலை செய்யவில்லையோ என்று யோசிக்க வேண்டும். சிறுநீர்ப்பையோடு நிற்கும் தொற்றுக்குப் பென்சிலின் தேவையே படாது. நைட்ரோஃபியூரன்டாயின் மெதுவாகக் கரையும் வகை 100 மி.கி. காலையும் இரவும் உணவோடு 5 நாள், அல்லது ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் ஒரே வேளை. நைட்ரோஃபியூரன்டாயின் சிறுநீரில் மட்டுமே போதிய அளவு சேர்கிறது. குளிர்காய்ச்சலும் விலாவலியுமாகச் சிறுநீரகம் வரை ஏறிவிட்ட தொற்றுக்கு அது போதாது. சிறுநீரகம் நன்றாக வேலை செய்யாதவருக்கும், ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உள்ளவருக்கும், பேறுகாலம் நெருங்கிய கர்ப்பிணிக்கும் ஆகாது. சிறுநீர் பழுப்பாகப் போவதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

நுரையீரல் தொற்று வீட்டில் இருந்தே பார்க்கக்கூடிய அளவில் இருந்தால் டாக்சிசைக்ளின் நல்ல மாற்று. 100 மி.கி. இருவேளை. ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு வாய் தண்ணீரோடு போட்டுவிட்டுப் படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். நெஞ்செரிச்சல் என்று வருகிறவர்களில் சிலருக்கு இதுவே காரணம். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளும் வயிற்று அமிலத்தை முறிக்கும் மருந்தும் இதைப் பிடித்துக்கொண்டு குடலில் ஏறவிடாமல் செய்யும்; இரண்டு மூன்று மணி நேர இடைவெளி வேண்டும். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும். கர்ப்பிணிகளுக்குத் தருவதில்லை.

அசித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் மூன்றும் இ.சி.ஜி.யில் தெரியும் க்யூடி இடைவெளியை நீட்டி, இதயத் துடிப்பைத் தடுமாறவைக்கக்கூடியவை. இதய நோயாளிகள், பொட்டாசியம் குறைந்தவர்கள், மனநல மருந்தும் துடிப்புச் சீராக்கும் மருந்தும் சாப்பிடுகிறவர்கள் சொல்லிவிட்டு வாங்க வேண்டும். கிளாரித்ரோமைசினும் எரித்ரோமைசினும் கல்லீரலில் மற்ற மருந்துகளின் சிதைவைத் தடுக்கின்றன. கொழுப்புக்குச் சாப்பிடும் சிம்வாஸ்டாட்டினோடு சேர்ந்தால் அதன் அளவு இரத்தத்தில் ஏறித் தசைகள் சிதையக்கூடும். அந்த நாட்களில் சிம்வாஸ்டாட்டினை நிறுத்திவைக்க மருத்துவர் சொல்வார். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு எந்த ஆன்டிபயாடிக் ஆரம்பித்தாலும் சில நாட்களில் ஐ.என்.ஆர். என்ற இரத்த உறைவுச் சோதனை பார்ப்பது நல்லது, கோ–ட்ரைமாக்சசோலும் மெட்ரோனிடசோலும் அதில் பெரும் குற்றவாளிகள். கோ–ட்ரைமாக்சசோல் பொட்டாசியத்தையும் ஏற்றும். இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ எனலாப்ரில், லோசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடும் முதியவருக்கு அதை எழுதும்போது கை ஒரு நொடி நிற்க வேண்டும்.

ஃபுளூரோகுவினோலோன்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பென்சிலின் ஆகாது என்றதும் சிப்ரோஃப்ளாக்சசினும் லீவோஃப்ளாக்சசினும்தான் முதலில் கைக்கு வருகின்றன. எங்கள் பார்வையில் இவை கடைசி வரிசையில் நிற்க வேண்டியவை. குதிகால் தசைநாண் வீங்கி அறுந்துபோகும் ஆபத்து, குறிப்பாக 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கும் உண்டு. சர்க்கரை நோய் மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று தாழலாம். நரம்பு பாதிப்பும் வலிப்பும் வரலாம்; மகாதமனி வீங்கியிருப்பவர்களுக்கு அது கிழியலாம்; எச்சரிக்கைப் பட்டியல் நீளம். நாள்பட்ட இருமலுக்கு இதைக் கொடுத்தால் காசநோய்க் கிருமியை அரைகுறையாக அடக்கி, நோயைக் கண்டுபிடிப்பதையே தாமதமாக்கும்.

பல் பிரச்சினையில் முதல் வைத்தியம் சீழை வெளியேற்றுவது. மாத்திரை அதற்கு மாற்றில்லை. காய்ச்சலோ முகவீக்கமோ பரவினால் மட்டும் மருந்து. இதய வால்வு மாற்றியவர்களுக்கு, அதில் கிருமி தொற்றாமல் இருக்க, பல் பிடுங்குவதற்கு 30 முதல் 60 நிமிடம் முன் தரும் ஒரே வேளை மருந்தில், அமாக்சிசிலினுக்குப் பதில் நீண்ட காலம் கிளிண்டாமைசின் இருந்தது. 2021ல் அமெரிக்க இதயச் சங்கம் அதை நீக்கிவிட்டது. ஒரே வேளையிலேயே கடும் பேதியைக் கொண்டுவரக்கூடியது என்பதால். இப்போது பெரியவர்களுக்கு அசித்ரோமைசின் 500 மி.கி. அல்லது டாக்சிசைக்ளின் 100 மி.கி.; உடனடி ஒவ்வாமை வராதவர் என்றால் செஃபலெக்சின் 2 கிராம். பழைய சீட்டில் கிளிண்டாமைசின் இருந்தால் மாற்றச் சொல்லிக் கேட்கலாம்.

ஆஸ்பத்திரியில் வான்கோமைசின் ஏற்றும்போது முகமும் கழுத்தும் சிவந்து அரித்தால், பெரும்பாலும் வேகமாக ஏற்றியதன் விளைவுதான். 1 கிராமை 60 நிமிடத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும். வேகத்தைக் குறைத்தால் அடங்கும். இதையும் ‘வான்கோமைசின் அலர்ஜி’ என்று எழுதிவைத்து, ஏற்கெனவே பென்சிலின் மூடிய கதவுக்குப் பக்கத்தில் இன்னொரு கதவையும் மூடிவிடுகிறார்கள்.

ஊசிக்கு முன் முன்கையில் குமிழ் போட்டுப் பார்க்கும் ‘டெஸ்ட் டோஸ்’ பற்றி. ஒவ்வாமை வரலாறே இல்லாதவருக்கு, ஊசி மருந்தையே கொஞ்சம் கலக்கித் தோலுக்குள் ஏற்றிப் பார்ப்பதால் எந்த உத்தரவாதமும் கிடைப்பதில்லை. சிவந்தால் அது மருந்தின் எரிச்சலாக இருக்கலாம். சிவக்காவிட்டால் ஆபத்து இல்லை என்றும் ஆகாது. அந்தச் சொட்டே கடும் ஒவ்வாமையைக் கிளப்பிவிடவும் முடியும். வரலாறு கேட்பதும், ஊசி போட்ட பின் அரைமணி நேரம் உட்காரவைப்பதும், அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும்தான் பாதுகாப்பு.

முறையான தோல் சோதனை வேறு. பென்சிலாயில் பாலிலைசின் என்னும் சோதனை மருந்தும் பென்சில்பென்சிலினும் குறிப்பிட்ட அளவில் கரைத்து, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பக்கம் ஹிஸ்டமினும் மறுபக்கம் உப்புக் கரைசலும் வைத்து, முதலில் ஊசிமுனையால் குத்தி, 15–20 நிமிடம் கழித்து வீக்கத்தை அளந்து, 3 மி.மீ. இல்லையென்றால் தோலுக்குள் ஏற்றி மறுபடி அளப்பார்கள். அதுவும் எதிர்மறை என்றால் வாய்வழி அமாக்சிசிலின். செட்டிரிசின் போன்ற அலர்ஜி மாத்திரைகளைச் சில நாட்கள் முன்பே நிறுத்தாவிட்டால் சோதனை பொய் சொல்லும். ஆபத்து குறைந்தவர் என்று முடிவானவருக்கு இப்போது தோல் சோதனையைத் தாண்டி, நேரடியாக அமாக்சிசிலின் 250 அல்லது 500 மி.கி. வாய்வழி கொடுத்து ஒரு மணி நேரம் கண்காணிப்பது வழக்கமாகி வருகிறது. ஆஸ்துமா கட்டுக்கடங்காமல் இருக்கும்போது செய்வதில்லை. தாமதத் தடிப்பு பின்னால் வரலாம் என்பதால், அடுத்த சில நாட்கள் தோலைக் கவனித்துச் சொல்லச் சொல்வார்கள்.

பென்சிலினைத் தவிர வேறு வழியே இல்லாத இடமும் உண்டு. கர்ப்பிணிக்கு சிஃபிலிஸ் இருந்தால் குழந்தையைக் காக்கும் என்று நம்பத் தக்கது பென்சிலின் ஒன்றுதான். அங்கே ஒவ்வாமை உண்மை என்று உறுதியானாலும், தீவிர கண்காணிப்பில் மிக நுண்ணிய அளவில் தொடங்கி 15–20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டித்துக்கொண்டே போய், சில மணி நேரத்தில் முழு அளவை எட்டுவார்கள். உடம்பு அதைத் தற்காலிகமாகத்தான் பொறுக்கிறது. மருந்தை இடையில் ஓரிரு நாள் விட்டுவிட்டால் பழைய ஒவ்வாமை திரும்பிவிடும்; மீண்டும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கொடிய தோல் வகைக்காரருக்கு இந்த வழியும் மூடியே இருக்கும்.

எந்த மருந்தானாலும் கடும் ஒவ்வாமை கிளம்பினால் முதலில் அட்ரினலின். பெரியவருக்கு 1 மி.லி.யில் 1 மி.கி. உள்ள மருந்தில் 0.5 மி.லி., குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01 மி.கி. கணக்கில், தொடையின் வெளிப்பக்கத் தசையில். ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் மீண்டும் ஒன்று. அவில், ஹைட்ரோகார்டிசோன் ஊசிகளை முதலில் போட்டுவிட்டு அட்ரினலினைக் கடைசிக்கு வைப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். அவை அரிப்பை அடக்கும், இரத்த அழுத்தத்தைத் தூக்காது. நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறினால் உட்காரவைக்கலாம். எழுப்பி நடக்கவைத்து வண்டியில் ஏற்றக்கூடாது. தேறிய பின்னும் சில மணி நேரம் ஆஸ்பத்திரியில்தான் இருக்க வேண்டும். இரண்டாம் அலை வரக்கூடும்.

குறிப்பேட்டில் ‘பென்சிலின் அலர்ஜி’ என்ற இரண்டு சொற்களுக்குப் பதில் இப்படி இருந்தால் அடுத்த மருத்துவருக்கு வேலை சுலபம்: “அமாக்சிசிலின் 500 மி.கி., 2019, இரண்டாம் மாத்திரைக்கு 20 நிமிடம் கழித்து உடம்பெங்கும் அரிப்புத் தடிப்பு, உதடு வீக்கம், அட்ரினலின் போடப்பட்டது, பிறகு செஃபுராக்சிம் ஒத்துக்கொண்டது.” ஒத்துக்கொண்ட மருந்தின் பெயரை எழுத பெரும்பாலும் மறந்துவிடுகிறோம், அவசரத்தில் அந்தக் கடைசி வரிதான் உதவும். சோதனையில் ஒவ்வாமை இல்லை என்று தெரிந்தவர்கள் அந்த முடிவை எழுத்தில் வாங்கி, குடும்ப மருத்துவர், பல் மருத்துவர், மருந்து வாங்கும் இடம், முன்பு அட்மிட் ஆன ஆஸ்பத்திரியின் கணினிப் பதிவு என்று எங்கெல்லாம் பழைய குறிப்பு இருக்கிறதோ அங்கெல்லாம் நீக்கச் சொல்ல வேண்டும். ஓரிடத்தில் விட்டுப்போனால் போதும், அடுத்த முறை அட்மிட் ஆகும்போது பழைய சிவப்பு எழுத்து மறுபடியும் கேஸ் ஷீட்டில் ஏறிவிடும்.

இப்படிக்கு,
மருத்துவமனை மருந்தாளுநர்களும் மருத்துவர்களும் சிலர்